ஏரியைச் சுற்றி ஒருவழிப் பாதை

பெர்னடீன் பிளாஸ்க்கை நிரப்பியபோது காலை ஏழரை மணி. ஆறவைத்த தேநீர் முக்கால் பங்கு, விஸ்கி கால் பங்கு, வாசனைக்கு இரண்டு எலுமிச்சை வில்லை. கீழ்த்தளத்தில் தம்பி ரீஜிஸ் குளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் மூடியைத் திருகி, நீலநிற ஐஸ் பெட்டியின் அடியில், கை துடைக்கும் காகிதத் துண்டுக் கட்டுகளுக்குக் கீழே செருகிவிட்டாள். செருகிய கையோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை இன்னொரு தடவை படித்தாள். அவளே தட்டச்சு செய்து சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் தபாலில் அனுப்பிய தாள் அது. மேலே ஏரியின் வரைபடம், கொட்டகைக்கு வழி. கீழே, மாநிலப் பூங்காவுக்குள் எந்த வகை மதுவுக்கும் அனுமதி கிடையாது என்ற வரி. அந்த வரிக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உறுத்தலுக்குப் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் நின்று, தினம் அறுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள். ஒரு நாள் தள்ளாடியது கிடையாது, யார் முன்னாலும் நாக்குக் குழறியது கிடையாது. புருஷன் லென் போன பிறகு சாயங்காலம் ஒரு கோப்பை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மத்தியானமும் ஒரு கோப்பை. அவ்வளவுதானே? ரீஜிஸுக்கு இருப்பது வியாதி, தனக்கு இருப்பது பழக்கம் என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். அதிலும் இன்றைக்கு நாற்பத்து மூன்று சொந்தக்காரர்களை ஒரு பகல் முழுக்கக் கட்டி மேய்க்க வேண்டும். தேநீரில் கொஞ்சம் தெம்பு கலந்துகொண்டால் குடியா முழுகிவிடும்?

ஹூடாக் குடும்பம் ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுவது நாற்பது வருஷப் பழக்கம். எந்தப் பூங்கா என்று முடிவுசெய்யும் பொறுப்பு ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுக்கு முறைவைத்து வரும். முறை என்று பேர்தான். யார் முறை வந்தாலும் அதே மாவட்டப் பூங்கா, அதே ஒன்பதாம் நம்பர் கொட்டகை. எல்லார் வீட்டிலிருந்தும் கால்மணி நேரம்கூட ஆகாது. அனுமதிப் படிவத்தில் 'பீர் உண்டா' என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்துவிட்டால் பீப்பாயே கொண்டுவந்து இறக்கலாம். இறக்குவார்கள். குதிரை லாடம் எறிந்து விளையாடும் குழிக்குப் பக்கத்தில், ஓக் மரத்தடியில், வருஷா வருஷம் பீப்பாய் உட்கார்ந்து உட்கார்ந்து தரையே அதற்கென்று பள்ளமாகியிருந்தது. மாநிலப் பூங்கா என்றால் ஹூடாக்குகளுக்கு அது வேறு ரகத்து ஆட்கள் போகிற இடம். காரின் தலையில் படகைக் கட்டிக்கொண்டு, நாய்க்குச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்.

போன வருஷம் அந்த ஒன்பதாம் நம்பர் கொட்டகையில்தான் ரீஜிஸ் குக்கீ மேசைமேல் விழுந்தான். கல்யாணமானாலும் சரி, குடும்ப ஒன்றுகூடலானாலும் சரி, வீட்டுக்கு வீடு பெண்கள் தங்கள் கைப்பட நாலு தட்டு பிஸ்கட் சுட்டுக்கொண்டுவந்து ஒரே மேசையில் பரப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். வாரக்கணக்கான வேலை. அத்தனையும் அவன் வயிற்றுக்கடியில் தூளாகிப்போயிற்று. விழுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் அவன் மகள் ஜனெல் தன் குழந்தையை அவன் தோளிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கியிருந்தாள். சர்க்கரைப் பொடி அப்பிய முகத்தோடு அவன் எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்ததுதான் பெரிய கொடுமை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து பெர்னடீன் தன் காரில் அவனை மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். உள்ளே அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் மாநிலப் பூங்காவின் கொட்டகையைப் பதிவு செய்தாள். ஒரு வருஷம் முன்கூட்டியே பதிவு செய்யலாம் என்பது அங்கே விதி. அடுத்த வருஷம் தன் முறை. தண்ணியே இல்லாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டால், அவன் வந்து நிமிர்ந்து நிற்க ஒரு இடம் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கள்ளமில்லை. பிறகு ஃபோனில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதைச் சொன்னபோதுதான் ஒரு ருசி வந்து சேர்ந்துகொண்டது. ரீஜிஸுக்காகத்தான் எழுபது மைல் போகிறோம், நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுவாள். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். நீ ஒருத்திதான் அவனைத் தாங்குகிறாய் என்பார்கள். அதைக் கேட்க நன்றாக இருந்தது. ரீஜிஸிடம் மட்டும், ஏரி நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னாள். நல்ல ஏரிதான் என்று அவனும் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனான். இல்லத்திலிருந்து வந்த நாளிலிருந்து அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான். பாத்திரம் கழுவுவது அவனாக எடுத்துக்கொண்ட வேலை.

ஜனெல் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருஷமாக அப்பனோடு பேச்சில்லை. ஜூலையில் பெர்னடீன்தான் அவளைக் கூப்பிட்டுக் கரைத்தாள். பதினொரு மாதமாக ஒரு சொட்டுத் தொடவில்லை, குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குத் தினம் போகிறான், நான் கண்ணால் பார்க்கிறேன் என்று சொன்னாள்.

"நீங்க பொறுப்பெடுத்துக்கிட்டா வர்றேன் அத்தை. அவரு வார்த்தைய நம்பி இல்ல. உங்க வார்த்தைய நம்பி."

"என் பொறுப்பும்மா" என்றாள் பெர்னடீன்.

பத்து மணிக்கெல்லாம் கொட்டகை நிறைந்துவிட்டது. ஏரி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது; தாளில் பார்த்ததைவிடப் பெரிசு, கரை முழுக்க வாத்துக் கூட்டம். அதற்காக யாரும் அவளைப் பாராட்டிவிடவில்லை. கழிப்பறை தூரம், நிழல் போதாது, லாடக் குழியில் மணலே இல்லை என்று ஆளுக்கொரு குறை. பெரியப்பா மகன் ஜெரால்ட் வந்து இறங்கியதிலிருந்து வாய் ஓயவில்லை. ஏரியைச் சுற்றி ஒருவழிப் பாதையாம், கொட்டகைக்கு எதிரே வாசல் தெரிகிறது, ஆனால் வெளியே போக மூன்று மைல் சுற்றிக்கொண்டு வர வேண்டுமாம், இப்படிப் பாதை போட்டவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்றான். தாளில் போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்று பெர்னடீன் திருப்பிக் கேட்டாள். அந்த வரைபடம் அவளுக்கு மனப்பாடம். ரேஞ்சர் பெண் ஒருத்தி பச்சை வண்டியில் வந்து, இரண்டு ஐஸ் பெட்டிகளைத் திறந்து பார்த்து, விதிகளை எல்லாருக்கும் முன்கூட்டியே அனுப்பிவைத்த அம்மா நீங்கள்தானா, இப்படி நாலு பேர் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். நீலப் பெட்டியை அவள் திறக்கவில்லை. பெர்னடீனுக்கு முகம் மலர்ந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிற மலர்ச்சி அது.

அதோடு விட்டிருக்கலாம். பதினோரு மணிக்கு ஜெரால்டின் காப்பிக் கோப்பை அவள் கண்ணில் பட்டது. மூடி ஓட்டையில் நுரை. பால் விடாத காப்பிக்கு நுரை வருமா? நேரே போய் மூடியைத் திறந்து பார்த்தாள், பீர். கொட்டு என்றாள். ஜெரால்ட் சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசை மீறும் பிள்ளைகளை நிறுத்துகிற குரலில், எல்லாரும் கேட்க, ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருத்தனுக்காக உன்னால் வாயைக் கட்ட முடியாதா என்று கேட்டாள். அறுபத்தைந்து வயது ஆள், பேரன் பேத்திகள் பார்த்துக்கொண்டிருக்க, சரளைக்கல் மேல் கோப்பையைக் கவிழ்த்தான். அந்த 'ஒருத்தன்' மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது பெர்னடீனுக்குத் தெரிந்தது. தெரிந்தும், சரியாகச் செய்தோம் என்றுதான் நினைத்தாள். பிறகு தட்டுகள் எடுத்து வருகிறேன் பேர்வழி என்று நீலப் பெட்டியைக் காருக்குப் பின்னால் இழுத்துப்போய், பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தாள். பன்னிரண்டரைக்கு இன்னொரு மூடி. கையோடு பெப்பர்மின்ட். இரண்டாம் தடவை யாரோ கூப்பிட்ட அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகவில்லை.

ஜனெல் ஒரு மணிக்குத்தான் வந்தாள். வந்ததும் அப்பனைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தாள். பெர்னடீன் கண்ணாலேயே, பயமில்லை என்று சொன்னாள். குழந்தை டெஸாவுக்கு மூன்றரை வயது. அதற்குப் போன வருஷத்துக் கதையெல்லாம் நினைவில்லை. கரையில் மணலைக் குவித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், என்ன கட்டுகிறாய் என்று கேட்டது. வாத்துக்கு வீடு என்றான் ரீஜிஸ். வாத்துக்கு எதற்கு வீடு என்றது. மழை பெய்தால் நனையுமே என்றான். வாத்து நனையாது, உனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஜனெல் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஐந்தடி. பிறகு ஒரு தட்டில் வெண்ணெயில் புரட்டிய முட்டைக்கோஸ் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டுபோய் அப்பன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு ரீஜிஸ் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பரிமாறும் மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற பெர்னடீன் பரிமாறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எழுபது மைலும், குறைகளும், எல்லாமும் இதற்குத்தான், இது போதும் என்று நினைத்தாள்.

இரண்டு மணி இருக்கும். டெஸாவுக்குத் தாகம். ஜூஸ் எந்தப் பெட்டியில் என்று யாரைக் கேட்டதோ, யார் கை காட்டினார்களோ, அது தானாகவே நீலப் பெட்டியைத் திறந்து, காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்து, அடியிலிருந்து பிளாஸ்க்கை இரண்டு கையாலும் தூக்கியது. ரீஜிஸ் மணலிலிருந்து பார்த்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயது ஆள், முழங்கால் தேய்ந்தவன், அப்படி ஓடுவான் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். மூடி கீழே விழுந்து உருண்டது. பிளாஸ்க்கின் வாய் குழந்தையின் வாய்க்குப் போய்விட்டது. அவன் அதைப் பறித்த வேகத்தில் தேநீர் குழந்தையின் முகத்திலும் மஞ்சள் கவுனிலும் கொட்டியது. டெஸா வீரிட்டு அழுதது. கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஜனெல் வந்து குழந்தையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். கவுனை முகர்ந்தாள். குழந்தையின் வாயை முகர்ந்தாள். பிறகுதான் அப்பனின் கையைப் பார்த்தாள்.

"அப்பா, அது என்ன?"

ஜெரால்ட் குனிந்து மூடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், விஸ்கி என்றான், பாதி தனக்கும் பாதி ஊருக்குமாக. அவ்வளவுதான், அத்தனை கண்ணும் ரீஜிஸ்மேல் போய் நின்றது. பெர்னடீன் கையில் கரண்டி இருந்தது. அதிலிருந்து வெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்ததுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. வாயைத் திறந்தால் போதும். நாலே எழுத்து, 'என்னுது' என்று. ஒரு நொடி போயிற்று, இரண்டு நொடி போயிற்று. ஒவ்வொரு நொடியும் போகப் போக, முந்தின நொடியில் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னோடதுதான்" என்றான் ரீஜிஸ்.

"பதினொரு மாசம்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்."

ஜனெலின் முகத்தில் கோபம்கூட வரவில்லை. எதிர்பார்த்த கடிதம் வந்து சேர்ந்ததுபோல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டே விட்டாளே, வேறென்ன வேண்டும்? பெர்னடீன் தன் குரலைத் தானே கேட்டாள்.

"தெரியாதும்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஜனெல் மேசையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். உங்கள்மேல் தப்பில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று காதோரம் சொன்னாள். பெர்னடீன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூச்சு விட்டால் வாடை தெரிந்துவிடும். அண்ணன் தம்பி பிள்ளைகளென்று தான் தூக்கி வளர்த்ததில் இவள்மேல்தான் அவளுக்கு உயிர். ஜனெல் தோளில் முகம் புதைத்து அழுகிறாள், பெர்னடீனோ வாயை இறுக்க மூடிக்கொண்டு, சீக்கிரம் விடமாட்டாளா என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஜென்மத்தில் அவ்வளவு கேவலமாகத் தன்னை உணர்ந்ததில்லை. ஜனெல் விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் போனாள்.

கொட்டகைக்குப் பேச்சு திரும்பி வந்தது. பாவம் பெர்னி என்றார்கள். வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டவளுக்கு இது தேவைதானா என்றார்கள். ஜெரால்ட் வெற்றுக் காப்பிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு, இதுக்கா எழுபது மைல் வந்தோம் என்றான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. ரீஜிஸ் நின்றிருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னான். ஆனால் ரீஜிஸ் அங்கே இல்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரத்தடிக்குப் போயிருந்தான். பெர்னடீன் கரண்டியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அவன் பிளாஸ்க்கைச் சரிக்கப் போனான்.

"கொட்டாதே" என்றாள்.

அவன் நிறுத்தினான். முகத்தைச் சுளித்துத் தள்ளிப் பிடித்திருந்தான் அதை. அவனுக்கு அந்த வாடை எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதமாக உறைக்கவில்லை.

"ஏன்டா உன்னோடதுன்னு சொன்னே?"

"எல்லாரும் என்னைத்தானே பார்த்தாங்க."

"நான்..."

"நீயும்தான் பார்த்தே, பெர்னி."

பார்த்தாள்தான். கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நாற்பது பேரோடு சேர்ந்து, அதே பார்வை. தன் முகத்தில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள்.

"நவம்பர்லேர்ந்து. பாத்திரம் நான்தானே கழுவுறேன்? வெறும் தேத்தண்ணி பிளாஸ்க்கை உன்னைப்போல யாராவது தினம் வாடை போக வினிகர் ஊத்தி அலசி வைப்பாங்களா?"

"சொல்லியிருக்கலாம்ல."

"ஒரு கேள்வி கேக்காம என்னை வீட்டுக்குள்ள விட்டே. நானும் கேக்கல." பிளாஸ்க்கை இன்னும் தள்ளிப் பிடித்தான். "விடு. எம்மேல இருக்கிற அழுக்குல இது ஒரு பொட்டு. ஆனா உன்னைய நம்பித்தான் அந்தப் பொண்ணு இன்னமும் நம்மளோட ஒட்டிக்கிட்டிருக்கு. அதுவும் போச்சுன்னா அதுக்கு யாரு இருக்கா?"

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. தியாகம் செய்கிறவன் முகம் இல்லை அது. வாத்துக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தை அவன் மனசுக்குள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மணலில் அந்தத் தட்டு இன்னும் அப்படியே இருந்தது. வாத்து ஒன்று வந்து நூடுல்ஸை இழுத்துக்கொண்டிருந்தது.

ஜனெலின் வெள்ளைக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வாசல் கண்ணுக்கெதிரே, இருநூறடியில். ஆனால் வண்டி அந்தப் பக்கம் போக முடியாது. எதிர்த்திசையில் கிளம்பி, ஏரியை மூன்று மைல் சுற்றி, கொட்டகைக்குக் கீழே உள்ள வளைவைத் தாண்டித்தான் வாசலுக்கு வர வேண்டும். மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் போகக்கூடாது. நடுவில் வாத்துகள் குறுக்கே வந்தால் நின்றுதான் போக வேண்டும். பன்னிரண்டு நிமிஷம். வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அத்துப்படியான கணக்கு. அந்தக் கணக்கு இப்படி உதவும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ரீஜிஸின் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கினாள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

புல் சரிவில் இறங்குவது அவள் வயசுக்குச் சுலபமில்லை. மேலே கொட்டகையில் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. பாதையோரம் போய் நின்றபோதுதான் பயம் பிடித்துக்கொண்டது. என்ன சொல்வது? மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், கலந்தது தெரியாது என்று ஒரு கதை தானாக வந்தது. பழைய பிளாஸ்க், லென் காலத்தது, உள்ளே என்ன இருந்ததென்று பார்க்கவில்லை என்று இன்னொன்று. பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்று பொய் கிடைத்தது, மூன்றும் நம்பும்படியாக இருந்தது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்: இந்தக் கலவரத்திலும், கையிலிருந்த பிளாஸ்க்கின் கனம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பாதி இருக்கிறது என்று மனசு ஒரு மூலையில் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது.

வளைவில் வெள்ளைக் கார் தெரிந்தது. பெர்னடீன் பாதையின் நடுவில் இறங்கி நின்றாள். கார் மெதுவாகி, அவளுக்கு ஆறடி முன்னால் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஜனெலின் முகம் வீங்கியிருந்தது. அத்தை தன்னைச் சமாதானப்படுத்தித் திரும்பக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினாள், கையை அசைத்து வழிவிடச் சொன்னாள். பின்சீட்டில் டெஸா கவுன் இல்லாமல் பனியனோடு உட்கார்ந்திருந்தது.

"என்னோடது" என்றாள் பெர்னடீன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை, சத்தமாக, "என்னோடதும்மா, அவனோடது இல்ல" என்றாள். ஜனெல் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தாள். களைத்துப்போயிருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பெர்னடீன் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள். ஜனெல் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் பாவம் என்றுதானே நினைப்பாள்? வேறு எப்படி நினைக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஜனெலின் காருக்குப் பின்னால் படகு கட்டிய கார் ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் ரேஞ்சரின் பச்சை வண்டி. மேலே கொட்டகையின் விளிம்பில் ஹூடாக்குகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஜெரால்டின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. எல்லாருக்கும் கொஞ்சம் தள்ளி ரீஜிஸ். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பெர்னடீன் பிளாஸ்க்கை வாய்க்குக் கொண்டுபோனாள். மூடி இல்லை, தேவையுமில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, காருக்குள்ளிருந்த முகத்தைப் பார்த்தபடி குடித்தாள். முதல் முறை குடிக்கிறவள்போல் இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பதுபோல, இரண்டு மிடறு, ஒரு மூச்சு, மறுபடி இரண்டு மிடறு. வெயிலில் அது வெதுவெதுப்பாகியிருந்தது. நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் வழிந்து மோவாயில் தேநீரோடு சேர்ந்து சட்டையில் சொட்டியது. நிறுத்தாமல் கடைசி வரைக்கும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். தினம் துடைக்கிற அதே துடைப்பு.

படகுக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. ரேஞ்சர் பெண் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தவள் அப்படியே நின்றாள். வாத்துகள் வரிசையாகப் பாதையைக் கடந்து தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தன. பின்சீட்டில் டெஸா கண்ணாடியில் மூக்கை அழுத்தி அவற்றை எண்ணிக்கொண்டிருந்தது. ஜனெல் அசையவில்லை. பிறகு அவள் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் கீழே இறங்கி, அங்கேயே நின்றது.